பூவரசந்துறையில் கனத்த சொல்

கார்த்திகை மழையில் மாலத்தீவுக்கு வெங்காயமும் செங்கல்லும் ஏற்றிக்கொண்டு போன தோணி இனித் திரும்பாது என்று ஊர் முழுக்க ஒப்புக்கொண்ட பிறகும் லெத்தீசியா டீச்சர் அழவில்லை, அழுவதற்குப் பதிலாக அவள் கனக்கத் தொடங்கினாள், அதைப் பூவரசந்துறைக்காரர்கள் மழை பெய்தால் முற்றம் நனைவதைப் போல ஒரு நடப்பாகத்தான் எடுத்துக்கொண்டார்கள்.

அந்தத் தோணியின் தண்டல், அதாவது அதை நடத்திப் போகிற தலைவன், அவள் புருஷன் தோபியாஸ். அவனோடு ஐந்து பேர் போயிருந்தார்கள். காவல் கப்பல்கள் தேடின, மீனவர்கள் தேடினார்கள், மேலே ஒரு விமானம்கூடச் சுற்றிவிட்டுப் போயிற்று, ஆனால் ஒரு பலகைத் துண்டோ ஒரு வெங்காயமோ கரை ஒதுங்கவில்லை. மற்ற ஐந்து வீட்டுப் பெண்களும் மணலில் விழுந்து புரண்டு அழுதார்கள், கடல்மேல் மண்ணள்ளித் தூற்றினார்கள், பிறகு தாலிச் சங்கிலியைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்துவிட்டு மாதா கோயிலுக்குப் போனார்கள். இறந்தோர் பூசையில் பங்குச் சாமியார் ஐந்து பெயர்களைத்தான் வாசித்தார். ஆறாவது பெயரை வாசிக்க வேண்டாம் என்று லெத்தீசியா முந்தின நாளே போய்ச் சொல்லியிருந்தாள்.

"அவிய வந்துருவாவ சாமி. இப்ப வழியில இருக்காவ. உயிரோட இருக்கவியளுக்கு எதுக்குப் பூசை?"

சாமியார் தாளிலிருந்த ஆறாவது பெயரை அடித்துவிட்டார்.

அவள் மறுநாளே பள்ளிக்கூடத்துக்குப் போனாள். கடற்கரைத் தெரு நடுநிலைப் பள்ளியில் அவள்தான் இங்கிலீஷ் டீச்சர். எப்போதும் போலக் கரும்பலகையில் தேதி எழுதினாள், வருகை எடுத்தாள், அப்பாவை அதே தோணியில் இழந்த ஒரு பையனின் கிழிந்த நோட்டுக்கு அட்டை போட்டுக் கொடுத்தாள். மத்தியானம் பக்கத்து வீட்டிலிருந்து தோபியாஸின் தங்கை ஜெசிந்தா தூக்குச்சட்டியில் சோறு கொண்டுவந்தபோது அவள் மூடியைத் திறக்கவே இல்லை.

"ஒரு வாய் சாப்பிடுங்க மைனி."

"வயிறு நெறஞ்சிருக்கு ஜெசிந்தா."

"நேத்தும் இதத்தான சொன்னீக?"

"நேத்தும் நெறஞ்சுதான் இருந்துச்சு."

அது பொய் இல்லை. தொண்டைவரை எதுவோ நிறைந்திருந்தது, கல்யாண வீட்டில் பந்தி முடிந்து எழுந்தவளைப் போல அவள் மெல்ல மூச்சு விட்டாள், வாரக்கணக்கில் தண்ணீரும் கடுங்காப்பியும் மட்டுமே குடித்தும் அவள் ஒரு சுற்றுக்கூட இளைக்கவில்லை. மார்கழி பிறந்ததும் ஆசிரியர் அறையின் பிளாஸ்டிக் நாற்காலி அவள் உட்கார்ந்ததும் நான்கு காலையும் பரப்பிக்கொண்டு விழுந்தது. நாற்காலி பழசு என்றார்கள். அடுத்து வீட்டு இரும்புக் கட்டில் வளைந்தது. அதற்கடுத்து ஆட்டோவில் பின்னால் அவள் ஏறியதும் முன்சக்கரம் நிலத்தை விட்டு எழும்பி, டிரைவர் வானத்தைப் பார்த்தபடி "டீச்சர், எறங்குங்க டீச்சர்" என்று கத்தினான். ரவிக்கை அதே அளவுதான், வளையல் அதே அளவுதான், கண்ணாடியில் பார்த்தால் அதே ஒல்லி உடம்புதான், ஆனால் சிமெண்ட் குடோனில் மூட்டை நிறுக்கும் தராசில் ஏற்றிப் பார்த்தபோது தட்டு தரையில் போய் உட்கார்ந்தது, எதிர்த்தட்டில் எத்தனை மூட்டை அடுக்கியும் எழுந்திருக்கவில்லை. குடோன்காரர் மூட்டைகளை ஒவ்வொன்றாக இறக்கி வைத்துவிட்டு, "கடலுக்குப் போனவன் திரும்பலன்னா பொண்டாட்டிக்குக் கனக்காம என்ன செய்யும்" என்றார். எல்லோரும் ஆமாம் என்று கலைந்து போனார்கள்.

ஊர் தன் பங்குக்குச் செய்ய வேண்டியதைச் செய்தது. கொல்லுப்பட்டறையில் தண்டவாளத் துண்டுகளை வைத்து அவளுக்கென்று ஒரு பெஞ்சு அடித்துக் கொடுத்தார்கள். மாடி வகுப்பைக் கீழே பூவரச மரத்தடிக்கு மாற்றினார்கள். அவள் நடந்த தெருவில் கணுக்கால் ஆழத்துக்குத் தடம் விழுந்தது, மழைக்காலத்தில் அந்தத் தடங்களில் தேங்கிய தண்ணீரைக் கோழிகள் வந்து குடித்தன, ரோடு பாழாகிறதே என்று கேட்க வந்த நகராட்சி ஆள் அவளை நேரில் கண்டதும் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்து நின்றுவிட்டுப் போனான்.

இதில் யாராலும் சரிசெய்ய முடியாமல் போனது ஒன்றுதான். அவளுக்கு மெர்லின் என்று ஒரு மகள். மூன்றாம் வகுப்பு படித்தாள். ஒருநாள் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது லெத்தீசியா வழக்கம்போல மகள் தலையில் கை வைத்து ஆசீர்வதித்தாள். அவ்வளவுதான். பிள்ளை கழுத்து சுளுக்கிப் பல நாள் படுக்கையில் கிடந்தது. அதன் பிறகு அவள் மகளைத் தொடவில்லை. ஜெசிந்தா வந்து தலை பின்னினாள், ஜெசிந்தா வந்து குளிப்பாட்டினாள், வீட்டுக்குள் தாயும் மகளும் எதிரெதிர்ச் சுவர்களில் சாய்ந்து உட்கார்ந்து பாடம் படித்தார்கள்.

"அம்மா, ஒரே ஒரு தடவ தொடும்மா."

"வலிக்கும் மக்கா."

"வலிச்சாப் பரவால்ல."

"அப்பா வந்துரட்டும். அப்பா வந்ததும் ஒன்னைய மடியில வச்சிக்கிடுதேன்."

மெர்லின் அதற்குப் பிறகு கேட்பதில்லை. தாயின் சேலைத் தலைப்பை மட்டும் தன் பக்கம் இழுத்து விரித்து அதன்மேல் படுத்துக்கொள்வாள்.

மாசி மாதம் பள்ளியில் மருத்துவ முகாம் போட்டார்கள். திருநெல்வேலியிலிருந்து வந்த இளவயது லேடி டாக்டர் பிள்ளைகளையெல்லாம் பார்த்து முடித்துவிட்டு லெத்தீசியாவின் கையைப் பிடித்து நாடி பார்த்தார், அந்தக் கையைத் தூக்க இரண்டு கையும் தேவைப்பட்டது. நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். குறை ஒன்றும் தெரியவில்லை. கடைசியில் மெதுவாக, இங்கிலீஷ் டீச்சர் என்பதால் இங்கிலீஷிலேயே, "ஆர் யூ சேட்?", துக்கமாக இருக்கிறீர்களா, என்று கேட்டார்.

லெத்தீசியா ரவிக்கைக் கையை இறக்கி விட்டுக்கொண்டாள்.

"எந்த சேட் கேக்கீங்க டாக்டர்?"

"எத்தனை இருக்கு?"

"நான் தபால் வழியா எம்.ஏ. படிச்சப்ப அந்தச் சொல்லோட பழைய கதையெல்லாம் ஒரு பாடமா வந்துச்சு. ஆயிரம் வருசத்துக்கு முந்தி சேட்ன்னா துக்கம் கெடையாது. வயிறு நெறஞ்சதுன்னு அர்த்தம். தின்னு முடிச்சு, இனி வேண்டாம்னு இருக்கவனச் சொல்லுத சொல்லு. பெறகு அதுக்குக் கனம்ன்னு அர்த்தம் வந்துச்சு. பாரமான கல்லும் சேட்தான், உப்பாமக் கல்லு மாதிரி ஆயிப்போன ரொட்டியும் சேட்தான். பெறகு அசையாம உறுதியா நிக்கவியளயும் அப்படிச் சொன்னாவ. மங்குன நெறத்துத் துணியயும் சொன்னாவ. துக்கம்ங்கது பின்னால வந்து சேந்தது."

அவள் தன் மங்கிய பழுப்புச் சேலையை ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"வயிறு நெறஞ்சிருக்கு. கனமாவும் இருக்கேன். துக்கம் மட்டும் இன்னும் வரல டாக்டர். அவியதான் வந்துருவாவளே, எதுக்குத் துக்கம்?"

டாக்டர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடினார். "அது வந்தா வர விடுங்க டீச்சர். தடுக்காதீங்க" என்றார். அதற்கு மருந்து எதுவும் கொடுக்காமல் போய்விட்டார்.

மரத்தடியில் பிள்ளைகள் இதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள், அதனால் சாயங்காலத்துக்குள் சொல் ஊருக்குள் வந்துவிட்டது. முதலில் குழப்பம் இருந்தது. டீச்சருக்கும் அடகுக்கடைச் சேட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று மீன் சந்தையில் ஒருத்தி கேட்டாள். பிறகு சொல் மெல்ல மெல்ல ஊர் வாயில் பழகியது. பிள்ளைத்தாய்ச்சிக்குக் கொடுக்கிற கஞ்சியை "நல்ல சேட்டான கஞ்சி" என்றார்கள். நிறைய மீன் ஏறிய வள்ளத்தைச் சேட்டாக வருகிறது என்றார்கள். அறுகாத கயிற்றையும், வாக்கு மாறாத மாப்பிள்ளையையும் சேட்டானது, சேட்டானவன் என்று மெச்சினார்கள். அந்தச் சொல்லுக்கு எல்லா அர்த்தமும் பூவரசந்துறையில் இருந்தது, துக்கம் என்ற அர்த்தத்தை மட்டும் ஒருவரும் எடுத்துக்கொள்ளவில்லை.

அதற்குக் காரணம் கஸ்பார் மச்சாடோ. துறையிலிருந்த தோணிகளில் பாதி அவருடையவை, காணாமற்போன தோணியும் அவருடையதுதான். பங்குனியில் ஒருநாள் சுழிக்காற்று அடித்து அவருடைய பெரிய தோணி நங்கூரத்தை இழுத்துக்கொண்டு பாறைப் பக்கம் நகர்ந்தபோது, கரையில் ஆட்கள் வடத்தைப் பிடித்துக் கை தோல் உரிந்து அலறினார்கள். பள்ளி விட்டு வந்துகொண்டிருந்த லெத்தீசியா அந்த வடத்தின் நுனியை எடுத்து இடுப்பில் ஒரு சுற்று சுற்றிக்கொண்டு நின்றாள். அவள் அதைப் பெரிதாக நினைத்துச் செய்யவில்லை, தோணி என்றால் அவள் கை தானாகப் போகும். தோணி நின்றது. மணலில் முழங்கால்வரை புதைந்து, கையிலிருந்த விடைத்தாள் கட்டு நனையாமல் தூக்கிப் பிடித்தபடி அவள் நிற்க, காற்று அடங்குகிற வரைக்கும் தண்ணீரில் தோணி அவளுக்கு எதிரே கட்டிப்போட்ட ஒரு கன்றுக்குட்டி போல வளையவந்தது.

அதிலிருந்து அது வழக்கமாயிற்று. காற்று மாறினால் டீச்சரைக் கூப்பிட்டார்கள். கரையில் அவள் நிற்பதற்கென்று கருங்கல்லால் ஒரு மேடை கட்டினார்கள். இடுப்பு நோகாமல் இருக்கத் தோலால் ஒரு பட்டையும் அதில் வடம் மாட்ட இரும்பு வளையங்களும் செய்து கொடுத்தார்கள். முதல் வலையில் வந்த சீலா மீனை அவள் வீட்டு வாசலில் வைத்தார்கள், அவள் சாப்பிடுவதில்லை என்று தெரிந்தும் வைத்தார்கள். மேடையில் யாரோ மெழுகுதிரி ஏற்றி வைத்ததைச் சாமியார் காலால் அணைத்துத் திட்டினார், மறுநாள் இரண்டு மெழுகுதிரி எரிந்தது.

ஊர் சொல்லாமலே ஒரு கட்டுப்பாட்டுக்கு வந்தது. அவள் காதில் விழும்படி தோபியாஸ் பேரை யாரும் எடுப்பதில்லை. அவள் வருவது தெரிந்தால் அந்த ஐந்து வீட்டுப் பெண்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போகவேண்டும் என்றானது. நல்ல மனிதர்கள்தான், அவள்மேல் பிரியம் உள்ளவர்கள்தான், ஆனாலும் அவள் துக்கப்பட்டு லேசாகிவிட்டால் என்ன செய்வது என்ற பயம் ஒவ்வொரு வீட்டிலும் அடுப்பங்கரைவரை வந்திருந்தது. ஜெசிந்தா, அண்ணனுக்கு ஒரு பூசையாவது கொடுக்கவேண்டும் என்று மச்சாடோவிடம் போய் நின்றாள்.

"இப்ப எதுக்குட்டி அது?" என்றார் அவர். "ஒம் மைனி அவபாட்டுக்கு நிம்மதியா இருக்கா. கிண்டி விட்டுறாத."

"நிம்மதியா? பெத்த புள்ளையத் தொட முடியாம இருக்காவ மொதலாளி."

அவர் வேறு பக்கம் பார்த்தார். "டீச்சர் அழுதுட்டா நம்ம தோணியெல்லாம் என்ன ஆவும், சொல்லு."

மறுபடியும் கார்த்திகை வந்தது. மெர்லினுக்குக் காய்ச்சல் கண்டது. முதலில் சாதாரணக் காய்ச்சல் என்று கஷாயம் கொடுத்தார்கள், பிறகு பிள்ளை உடம்பெல்லாம் சிவப்புப் புள்ளி பூத்து, பல் ஈறில் ரத்தம் கசிந்தது. தூத்துக்குடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஆம்புலன்ஸ் வந்தபோது வானம் சாம்பல் பூசிக் கிடந்தது. ஜெசிந்தா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஏறினாள். லெத்தீசியா படியில் ஒரு கால் வைத்தாள், படி மடங்கித் தொங்கியது, வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது, உள்ளே பிள்ளை உருண்டு "அம்மா" என்று கத்தியது. அவள் காலை எடுத்துவிட்டாள்.

"நீ அத்தை கூடப் போ மக்கா. அம்மா பின்னால வாரேன்" என்றாள், எதில் வருவது என்று தெரியாமலே.

வண்டிச் சத்தம் அடங்குவதற்குள் ஆட்கள் ஓடிவந்தார்கள். புயல் இந்தப் பக்கம் திரும்பிவிட்டது, துறையில் தோணிகள் எல்லாம் நிற்கின்றன, சீக்கிரம் வாருங்கள் டீச்சர். அவள் போனாள், பழக்கத்தில் போனாள். மேடையில் ஏறி நின்றாள், பட்டையைக் கட்டினார்கள், வளையங்களில் வடங்களை மாட்டினார்கள். மழை ஊசியாகக் குத்தியது. கடல் எழும்பி எழும்பி விழுந்தது. தோணிகள் அவளை இழுத்தன, அவள் நின்றாள், அவளுக்குப் பின்னால் ஊர் ஜெபமாலை சொல்லிக்கொண்டு நின்றது.

அப்போது அவள் இடுப்பில் செருகியிருந்த போன் அடித்தது. ஜெசிந்தா பேசினாள்.

"மைனி, ரத்தம் ஏத்துதாவ. புள்ள கண்ணு முழிச்சா ஒங்களத்தான் கேக்கா, கண்ண மூடுனாலும் ஒங்களத்தான் கேக்கா. டாக்டரு தாயக் கூப்பிடுங்கன்னு சொல்லுதாரு. எப்படியாது வந்துருங்க மைனி."

லெத்தீசியா போனை வைத்துவிட்டுப் பட்டையின் கொக்கியில் கை வைத்தாள்.

மச்சாடோ மேடைக்கு ஓடிவந்தார். "என்ன செய்யுதீய டீச்சர்?"

"எம் புள்ளைட்டப் போறேன்."

"கொஞ்சம் பொறுங்க. காத்து ஒரு சுத்து அடங்கட்டும். இத்தன குடும்பத்துப் பொழப்பு ஒங்க இடுப்புல கெடக்கு."

"ஆளுக யாரும் தோணில இருக்காவளா?"

"ஆளெல்லாம் எறங்கியாச்சு. ஆனா தோணி போயிரும் டீச்சர். தோணி போயிட்டா நாங்க என்ன செய்ய?" அவர் மழையில் மண்டியிட்டார், இதுவரை யார் முன்னாலும் மண்டியிடாத மனிதர். "தோணி போறதுன்னா என்னன்னு ஒங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும் மொதலாளி," என்றாள் அவள். "ஏற்கெனவே ஒரு தோணி போயிருச்சு. அதுல எம் மாப்பிள்ளை இருந்தாவ."

இருந்தாவ. ஒரு வருடமாக அவள் வாயில் வராத சொல் அது. இருக்காவ, வந்துருவாவ, வழியில இருக்காவ என்று மட்டுமே பேசிவந்தவள், தன் வாயிலிருந்து விழுந்ததைத் தானே கேட்டு அப்படியே நின்றாள். மச்சாடோவும் அதைக் கேட்டார். ஜெபமாலை நின்றது. கூட்டத்திலிருந்த அந்த ஐந்து பெண்களில் ஒருத்தி முதலில் விம்மினாள், பிறகு லெத்தீசியாவின் அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் புறப்பட்டு வந்தது, புயலைத் தாண்டி அது தெருக்கோடிவரை கேட்டது என்பார்கள். அவள் கொக்கியைக் கழற்றினாள். பட்டை கல்லில் விழுந்தது. வடங்கள் பாம்புகளைப் போல நெளிந்து கடலுக்குள் ஓடின. அந்த ஐந்து பெண்களும் கூட்டத்தை விலக்கி அவளுக்கு வழி செய்தார்கள்.

அவள் தூத்துக்குடி ரோட்டில் அழுதுகொண்டே நடந்தாள். முதலில் கணுக்கால் அளவுக்குத் தடம் விழுந்தது, உப்பளங்கள் தொடங்குகிற இடத்தில் விரல் அளவுக்கு விழுந்தது, அதற்கப்பால் மழைத் தண்ணீரில் தடமே தெரியவில்லை. எதிர்க்காற்று அவளைத் தள்ளியது. இத்தனை நாள் எந்தக் காற்றும் அவளைத் தள்ளியதில்லை. பின்னால் வந்த உப்பு லாரி ஒன்று நின்றது.

"இந்த மழையில எங்கக்கா போறீங்க? ஏறுங்க."

"படி ஒடைஞ்சிரும் அண்ணே."

"உப்பு ஏத்தியே ஒடையாத வண்டி. நீங்க ஒடைக்கப் போறீங்களாக்கும்?"

அவள் ஏறினாள். படி தாங்கியது. வழி நெடுக அவள் சத்தமாக அழுதாள், முகத்தை மூடிக்கொள்ளாமல் அழுதாள், தோபியாஸ் எப்படித் துண்டை உதறித் தோளில் போடுவான், எப்படி மீன் முள்ளைப் பிள்ளைக்கு எடுத்துக் கொடுப்பான் என்றெல்லாம் முன்பின் தெரியாத அந்த டிரைவரிடம் சொல்லி அழுதாள். அவர் பாட்டை நிறுத்திவிட்டு, தன் துண்டை எடுத்துக் கொடுத்துவிட்டு, ரோட்டைப் பார்த்து ஓட்டினார்.

அன்றைக்குத் துறையில் மூன்று தோணிகள் பாறையில் மோதி உடைந்தன, மூன்றும் மச்சாடோவுடையவை. ஆள் சேதம் இல்லை. அவள் இன்னும் ஒரு மணி நேரம் பொறுத்திருக்கலாம் என்று சொல்கிறவர்கள் பூவரசந்துறையில் இன்றும் உண்டு, அவளைக் கண்டால் அவர்கள் தெருவின் மறுபக்கம் போய்விடுகிறார்கள். அந்த ஒரு மணி நேரத்தை நாம் மாதக்கணக்காக அவளிடமிருந்து வாங்கிக்கொண்டிருந்தோம் என்று சொல்கிறவர்களும் உண்டு, அவர்கள் எண்ணிக்கை குறைவு. மச்சாடோ இரண்டு பக்கமும் பேசுவதில்லை. புயல் போன மறுநாள் அவர் கரையில் தனியாக நின்று, முந்தின வருடம் போன ஆறு பேரின் பெயர்களையும் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்ததைச் சிலர் பார்த்தார்கள்.

ஆஸ்பத்திரியில் பொழுது விடிந்தபோது மழை விட்டிருந்தது. மெர்லினின் காய்ச்சல் தணிந்திருந்தது, புறங்கையில் ஊசி ஒட்டியிருந்தது, உதடு வெடித்திருந்தது. அவள் கண்ணைத் திறந்தபோது அந்த ஒடுங்கிய கட்டிலில் தனக்குப் பக்கத்தில் அம்மா படுத்திருப்பதையும், அம்மாவின் கை தன் நெஞ்சின்மேல் கிடப்பதையும் பார்த்தாள். அம்மா அதை எடுத்துவிடுவாளோ என்று பயந்து அசையாமல் கிடந்தாள். பிறகு அந்தக் கையை மெல்லத் தடவிப் பார்த்தாள். அது வெறும் கையாக இருந்தது.

"அம்மா."

"என்ன மக்கா?"

"அழுதியா?"

"ஆமா."

பிள்ளை அந்தக் கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டது.

"அப்பா செத்துப் போயிட்டாவளா?"

லெத்தீசியா மகளை இழுத்துத் தன் உடம்போடு சேர்த்துக்கொண்டாள்.

"ஆமா மக்கா."

"எப்போம்மா?"

"நேத்து," என்றாள் அவள். "நேத்து சாயங்காலம்."